ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பண்பாட்டுச் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாக தனுஷ்கோடி வரை போய், அப்புறம் தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று இறங்கும் கரை இது. இங்கே வந்து மனிதர்களோடு பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு பக்கம். "எங்க ஊருக்கும் நாலு பேரை வரச் சொல்லலாமா?" என்று யோசிக்கிற ஊர்க்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே கலந்தே வைத்திருக்கிறேன். ஒருவருக்குச் சொன்ன பதிலை மற்றவரும் படித்துவிட்டால் பாதிச் சிக்கல் வராது.

இந்தக் கரையில் யாருடைய மரபைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலில் மரக்காயர்கள். கடல் வாணிபத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த தமிழ் முஸ்லிம்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுக இருக்கிறார்கள். அடுத்து, பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர்கள். கடையர், வலையர், கரையர் என்று கடலோடு பிழைக்கும் சமூகங்கள் உண்டு. அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. சாயல்குடிப் பக்கம் பனையேறிக் குடும்பங்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களைத் தனியாகவே சொல்ல வேண்டும். அவர்கள் ஒரே சாதியோ மதமோ இல்லை, ஆனால் அவர்களுக்கென்று ஒரு தொழிலறிவு இருக்கிறது, அது வேறு யாரிடமும் இல்லை.

மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது அகதிகள் முகாம். அதைச் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்.

ராமேஸ்வரத்துக்குத்தான் ஏற்கெனவே அவ்வளவு கூட்டம் வருகிறதே. தனியாக இன்னொரு சுற்றுலா எதற்கு?

வருகிற கூட்டம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். விடிகாலையில் அக்னிதீர்த்தம், கோயிலுக்குள் 22 தீர்த்தம், தரிசனம். சாப்பிட்டுவிட்டு வேனில் தனுஷ்கோடி, அரிச்சல்முனை. திரும்பும்போது பள்ளிவாசல் தெருவில் கலாம் வீடு, பேய்க்கரும்பில் அவர் நினைவிடம். இரவு ரயில். இதில் அந்த ஊர்க்காரர் ஒருவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுகிற சந்தர்ப்பம் எங்கேயும் இல்லை.

கலாம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். அவர் தந்தை ஜைனுலாப்தீன் மரக்காயர் யாத்ரீகர்களை ஏற்றிப்போகப் படகு கட்டியவர். கோயிலின் சீதாராம கல்யாண உற்சவத்துக்குச் சுவாமி எழுந்தருளும் படகைத் தங்கள் குடும்பம்தான் ஏற்பாடு செய்தது என்று கலாமே எழுதியிருக்கிறார். அந்தத் தெருவில் வரிசையில் நிற்கிற எத்தனை பேருக்கு, மரக்காயர் என்றால் யார், அவர்கள் படகு எப்படி இருந்தது என்று யாராவது சொல்கிறார்கள்? சொல்வதற்குத் தகுதியான பெரியவர்கள் இதே கரையில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி ஆள் போவதில்லை.

'சமூகமே நடத்தும் சுற்றுலா' என்றால் நடைமுறையில் என்ன?

நாலு விஷயத்தை ஊர் முடிவு செய்தால் அது சமூகம் நடத்துவது: யார் வரலாம், எத்தனை பேர் வரலாம், எதைக் காட்டுவது, காசு எங்கே போவது. இந்த நாலில் ஒன்றை வெளியாள் முடிவு செய்தாலும் பெயர்தான் ஊருடையது.

பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. மீனவ ஊர். கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் இடத்தில் அடர்த்தியான அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர் மக்கள் குழுவும் சேர்ந்து அங்கே படகுச் சவாரி நடத்துகிறார்கள். படகோட்டுவதும் வழி சொல்வதும் ஊர் ஆட்கள். நண்டும் மீனும் சமைத்துக் கொடுப்பது ஊர்ப் பெண்கள். அது இயற்கையைக் காட்டுகிற சுற்றுலா, பண்பாட்டுச் சுற்றுலா என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் அலையாத்தி வேருக்கு அடியில் எந்த மீன் குஞ்சு வளரும், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும் என்று படகோட்டி சொல்லிக்கொண்டே வரும்போது நீங்கள் கேட்பது அந்த ஊரின் மரபறிவைத்தான். என் கணக்கில் இந்த மாவட்டத்தில் பிற ஊர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் காரங்காடு.

கீழக்கரையில் என்ன பார்க்கலாம்? பள்ளிவாசலுக்குள் மற்ற மதத்தவர் போகலாமா?

பழைய ஜும்மா பள்ளிவாசலில் இருந்து தொடங்குங்கள். கல் தூண், கல் உத்தரம், தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை எல்லாம் நம்மூர்க் கோயில் சிற்பிகள் கைவேலை. ஆனால் உருவம் எதுவும் இருக்காது. பூவும் கொடியும் வடிவக் கோடுகளும்தான். இஸ்லாம் தோன்றிய காலத்திலேயே இங்கே பள்ளிவாசல் எழுந்தது என்பது ஊர் நம்பிக்கை. இன்று நிற்கும் கல் கட்டடத்தை 17ஆம் நூற்றாண்டோடும் வள்ளல் சீதக்காதியோடும் சேர்த்துச் சொல்வார்கள். வழிகாட்டியாக வரப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: இரண்டையும் சொல்லுங்கள், எது நம்பிக்கை, எது கட்டட வரலாறு என்று பிரித்துச் சொல்லுங்கள். மரியாதை கூடத்தான் செய்யும்.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று எல்லோரும் சொல்கிறோம். பெரியதம்பி மரக்காயர் என்ற அந்தச் சீதக்காதி, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளில் பேர்பெற்ற கிழவன் சேதுபதிக்கு நெருங்கியவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்தவர். அவர் காலத்து ஞானி சதக்கத்துல்லா அப்பாவின் அடக்கத்தலமும் இதே ஊரில்தான். ஒரு முஸ்லிம் வணிகர், ஒரு மறவர் குல மன்னர், ஒரு தமிழ்க் காப்பியம் மூன்றையும் ஒரே தெருவில் நின்று பேச முடிகிற ஊர் வேறு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

உள்ளே போவது பற்றி: தொழுகை நேரம் தவிர்த்து, ஜமாத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டவே வேண்டாம். பெண்கள் எதுவரை வரலாம் என்பதைப் பள்ளிவாசல் தரப்பு சொல்லும். சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள், வாசலில் நின்று விவாதம் வேண்டாம். ஊருக்குள் தெருக்கள் குறுகல். திறந்திருக்கும் கதவு வழியாக உள்முற்றத்தைப் படம் எடுப்பது மிகவும் தப்பு. இங்கே கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் பழைய வழக்கம். வீடு பெண்களுடையது. அழைப்பதும் மறுப்பதும் அவர்கள் உரிமை.

சாப்பாட்டில் இருந்து தொடங்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அதிலும் கீழக்கரை மாதிரி ஊரில். தொதலை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் டப்பாவில் வாங்கினால் கறுப்பாக, ஒட்டிக்கொள்ளும் ஒரு இனிப்பு. கிண்டுவதைப் பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியோ சீனியோ சேர்த்துப் பெரிய சட்டியில் ஏற்றினால், பிறகு கை ஓயக் கூடாது. முதலில் பால் மாதிரி தளதளவென்று இருப்பது மெல்ல இறுகும். கரண்டி கனக்கத் தொடங்கும்போது ஒருவர் கை மாற்றி அடுத்தவர் பிடிப்பார். சட்டி ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுமினுக்கும். அப்போதும் இறக்க விடமாட்டார்கள். "இப்ப இறக்கினா ரெண்டு நாள்தான் தாங்கும் லாத்தா, இன்னும் கிண்டணும்" என்று ஒரு இளம்பெண் சொல்ல, பெரியவர் விரலில் ஒரு துளி எடுத்து உருட்டிப் பார்த்து, ஒட்டாமல் உருண்டால்தான் அடுப்பைத் தணிப்பார். கடல் கடந்து போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய பண்டம். அதனால்தான் கெடாமல் இருப்பதில் இத்தனை கவனம். இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் இதே பெயரில், கிட்டத்தட்ட இதே இனிப்பு இருக்கிறது. வட்டிலப்பமும் அப்படித்தான், இரு கரையிலும் உண்டு. வரைபடம் இல்லாமலே கடல் வழியைக் காட்டுகிற சமையல் இது.

பெண்கள் பெண்களுக்கு மட்டும் நடத்தும் சமையல் வகுப்பு என்று வைத்தால், வெளியாட்கள் முன்னால் வர விரும்பாத லாத்தாமார்களும், அதாவது அக்காமார்களும், கலந்துகொள்ள முடியும். ஆண்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் அரபுத்தமிழ் ஏடுகள் இருக்கின்றன. வருகிறவர்களுக்குக் காட்டலாமா?

தமிழை அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதிய மரபு அது. ட, ள, ங மாதிரித் தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்தில் கூடுதல் குறிகள் சேர்த்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் மார்க்க நூல்களும் பாடல்களும் நிறைய எழுதியவர். அந்த நாளில் பெண்கள் படித்ததும் கடிதம் எழுதியதும் பெரும்பாலும் இந்த எழுத்தில்தான். இன்று ஓதத் தெரிந்த பாட்டிமார் போய்விட்டால், அலமாரியில் இருப்பது படிக்க ஆளில்லாத காகிதம்.

ஆகவே காட்டுவது அப்புறம். முதல் வேலை, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைப்பது. நிழல் விழாத பகல் வெளிச்சத்தில் நல்ல கைப்பேசி போதும். அடுத்து, படிக்கத் தெரிந்த பெரியவரை உட்கார வைத்து, அவர் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்யுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டு நாடா போடாதீர்கள். இரும்புப் பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடித்து ஏட்டில் கறை ஏற்றும். ராமபாணப் பூச்சி வராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் தட்டி உலர வையுங்கள், நேர் வெயிலில் வேண்டாம். "ஆராய்ச்சிக்கு எடுத்துப்போய் தருகிறேன்" என்று கேட்டு வருகிறவரிடம் மூலத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். படத்தைக் கொடுங்கள். இப்படி இரவல் போய்த் திரும்பாத ஏடுகளின் கதை இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு, ஒரு பிரதியை அச்செடுத்து, ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டி, வந்தவர் பெயரை அரபுத்தமிழில் எழுதிக் கொடுங்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஒரு மணி நேரம் கிடைக்காது.

பாசி எடுக்கும் பெண்களோடு கடலுக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

அவர்கள் வேலை நேரத்தில், முடியாது. கேட்பதற்கு முன் அந்த வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை. கண்ணுக்குக் கடல் கண்ணாடி. விரல் விரலாகத் துணியோ ரப்பரோ சுற்றியிருப்பார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. காலில் தகடு வைத்துக் கட்டிய செருப்பு. இடுப்பில் பை. மூச்சடக்கி இறங்கி, கை நிறையப் பறித்து, மேலே வந்து பையில் போட்டுவிட்டு மறுபடி இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி, கஞ்சிப் பாசி என்று பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். கூழ்போல் கெட்டியாக்கப் பயன்படும் அகாரும் அல்ஜினேட்டும் இவற்றில் இருந்துதான் வருகின்றன. நாம் சாப்பிடும் ஐஸ்கிரீமும் போடும் மாத்திரையும் அந்தக் கையில் தொடங்குபவை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. அவர்கள் அம்மாவும் பாட்டியும் பாசி எடுத்த தீவுகள் அதில் அடங்கும். பிழைப்பு ஒரே நாளில் விதிமீறல் ஆகிவிட்டது. அதன் பிறகு அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் எத்தனை நாள் எடுப்பது, எந்தக் காலத்தில் முழுக்க நிறுத்துவது, வேரோடு பிடுங்காமல் எப்படிப் பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டுப் பரிசு கிடைத்தது இந்த முயற்சிக்காகத்தான்.

என் யோசனை இது: எடுக்காத நாட்களில் கரையில் உட்கார்ந்து பேசுங்கள். பாசியைக் காய வைப்பதையும் பிரிப்பதையும் காட்டுவார்கள். அரை நாள் அவர்கள் நேரத்தை வாங்குகிறீர்கள் என்றால் அரை நாள் கூலியை மனமுவந்து கொடுங்கள். ஈரத்துணியோடு கரையேறும் பெண்களைத் தூரத்தில் இருந்து பெரிய லென்ஸில் எடுப்பவர்கள் வருகிறார்கள். "என்ன தம்பி, உங்க அக்கா தங்கச்சிய இப்படி எடுப்பியா?" என்று ஒரு அக்கா கேட்டதற்கு அந்த ஆளிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்காது.

ஏர்வாடி தர்காவுக்குப் போகலாமா?

தாராளமாக. எல்லா மதத்தவரும் வருகிற இடம். சந்தனக்கூடு நாட்களில் ஊரே விளக்கும் ஜனமுமாக இருக்கும்; பக்கீர்கள் கையில் தட்டும் தாயிராப் பறையின் ஓசையை நேரில் கேட்பது ஒரு அனுபவம். தேதி பிறைக் கணக்கில் துல்கஃதா மாதத்தில் வருவதால் வருடத்துக்கு வருடம் மாறும், விசாரித்து வாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மனநலம் குன்றியவர்களைக் குடும்பத்தார் இங்கே அழைத்துவந்து தங்க வைப்பது நெடுங்கால வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவைச் சுற்றி இருந்த ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சட்டமும் நடைமுறையும் மாறின. நோயாளிகளையோ அவர்கள் குடும்பத்தையோ படம் எடுக்காதீர்கள். வழிகாட்டிகளும் அவர்களைச் சுட்டிக்காட்டி எதுவும் சொல்ல வேண்டாம்.

தேவாலயத் திருவிழாக்கள்?

ஓரியூர் முக்கியம். போர்த்துகலில் இருந்து வந்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று கிழவன் சேதுபதி காலத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட இடம். அந்தச் செம்மண்ணை இன்றும் எல்லாச் சமூகத்தாரும் எடுத்துப் பூசிக்கொள்கிறார்கள். மூக்கையூர், தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயில்கள் கடல்தொழில் ஊர்களின் கோயில்கள். கச்சத்தீவு அந்தோணியார் விழாவுக்கு அரசு அனுமதியோடு, பெயர் பதிந்தவர்கள் மட்டும் ராமேஸ்வரத்தில் இருந்து போகிறார்கள். அதை உல்லாசப் பயணமாக நினைத்து வராதீர்கள்.

மீன்பிடிப் படகில் கூட்டிப் போவீர்களா? தீவில் இறங்கலாமா?

மாட்டோம், இறங்கக் கூடாது. மீன்பிடிப் படகின் உரிமம் மீன்பிடிக்க மட்டும். ஆசைப்பட்டு ஏற்றினால் படகுக்காரர் மேல்தான் வழக்கு வரும், உங்கள் மேல் இல்லை. காரங்காடு, ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசை போன்ற இடங்களில் வனத்துறை ஏற்பாட்டில் படகு இருக்கிறது. அதில் போங்கள், உயிர்காக்கும் அங்கியைக் கழற்றாதீர்கள்.

அம்பா பாட்டை மேடையில் பாட வைத்தால் நன்றாக இருக்குமே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

அம்பா என்பது வலை இழுக்கும்போது பாடுவது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த வாங்கும் இடத்தில்தான் எல்லோர் கையும் சேர்ந்து கயிறு ஒரு முழம் உள்ளே வரும். இழுவைக்கு இயந்திரம் வந்த படகில் பாட்டு நின்றது. பாடுகிறவருக்குக் குரல் போனதால் இல்லை, கைக்கு வேலை இல்லாததால். கரைவலை இழுக்கிற இடங்களில், தனுஷ்கோடிப் பக்கம் மாதிரி, இன்னும் அந்தக் கயிறு இருக்கிறது. அங்கே போய் நின்றால், "சும்மா பாத்துக்கிட்டு நிக்காதீங்க, ஒரு கை பிடிங்க" என்பார்கள். பிடியுங்கள். உள்ளங்கை எரியும், மூச்சு வாங்கும், அப்போது பாட்டு எதற்கு என்று யாரும் சொல்லாமலே புரியும். வலையில் வந்த மீனில் பங்கு கேட்காதீர்கள், வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்குங்கள்.

மேடையில் வரிசையாக நிற்க வைத்து, ஒரே நிற லுங்கி கட்டி, ஒலிவாங்கி முன்னால் பாட வைத்தால் பத்து நிமிடக் கலைநிகழ்ச்சி கிடைக்கும். தொழில் நின்றுபோன ஊரில் அதுதான் மிச்சம் என்றால் அதையாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் தொழில் உயிரோடு இருக்கிற ஊரில் அதைச் செய்யாதீர்கள். கடலில் மீன் இருந்து, வலை இழுக்க ஆள் இருந்து, அதில் சோறு கிடைக்கிற வரைக்கும்தான் இந்தப் பாட்டும், காற்றின் பெயர்களும், பாசியின் பெயர்களும் அடுத்த தலைமுறைக்குப் போகும். சுற்றுலா அதற்கு ஒரு துணை வருமானம். சுற்றுலாவே வருமானம் என்று ஆகிவிட்டால் நாம் காப்பாற்றுவதாகச் சொல்வது எதை?

பதிவு செய்வது வேறு, அது அவசரம். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இந்த வேலைக்கு வழி காட்டியிருக்கிறது. தங்கள் பாட்டையும் கதையையும் மீனவர்கள் தங்கள் வாயாலேயே வானொலியில் சொல்கிறார்கள், கேட்பதும் அவர்களே.

எங்கள் ஊரில் தொடங்க நினைக்கிறோம். முதலில் என்ன செய்வது?

அறை கட்டாதீர்கள், பலகை வைக்காதீர்கள். ஊர்க்கூட்டம் போடுங்கள். ஆண்கள் கூட்டம் தனி, பெண்கள் கூட்டம் தனி. ஏனென்றால் சமைப்பதும் வீட்டைத் திறப்பதும் பெண்கள், முடிவெடுப்பது மட்டும் ஆண்கள் என்று போனால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். ஜமாத்தோ தேவாலயப் பங்குப்பேரவையோ ஊர்த்தலைவரோ தெரியாமல் தொடங்குவதும் ஆகாது.

கூட்டத்தில் 'காட்டமாட்டோம்' என்ற பட்டியலை முதலில் எழுதுங்கள். இறப்புச் சடங்கு, சில நேர்ச்சைகள், பிள்ளைகளின் முகம், பெண்கள் குளிக்கும் கரை என்று ஊருக்கு ஊர் அது மாறும். அந்தப் பட்டியல் உறுதியானால் மற்றதைத் தைரியமாகத் திறக்கலாம். பிறகு மாதத்துக்கு ஒரு குழு, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், என்று ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். குப்பை எங்கே போகிறது, குடிதண்ணீர் போதுகிறதா என்று பாருங்கள். லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற ஊரில் விருந்தாளி இரண்டு தடவை குளிப்பது சின்ன விஷயம் இல்லை.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரு உதாரணக் கணக்கு. ஆளுக்கு 400 ரூபாய் மதியச் சாப்பாடு, பத்துப் பேர் என்றால் 4,000. சாமானுக்கு 1,800 போக மீதி 2,200. சமைத்த மூன்று பேருக்கு 600 வீதம் 1,800 கொடுத்தால், 400 ஊர் நிதிக்கு. இப்போது நடுவில் ஒரு முகவர் வந்து 30 சதவீதம் எடுத்தால் 1,200 போய்விடும். ஊர் நிதி காலி, சமைத்தவர் கைக்கு 333. இதே சாப்பாடு, இதே உழைப்பு. அதனால் முன்பதிவு எண்ணை ஊர்க்குழுவே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை எல்லோரும் பார்க்கிற சுவரில் மாதாமாதம் ஒட்டுங்கள். சந்தேகம் முளைத்துவிட்டால் எந்தக் குழுவும் நிற்காது.

வீட்டில் தங்க வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

கொடுக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில், உள்ளூர் மக்கள் இருக்கிற வீட்டை அடித்தளப் பரப்போ முகப்போ மாற்றாமல் தங்குமிடமாகத் தர வழி உண்டு. புதிதாகக் கட்டிடம் எழுப்பினால் கதை வேறு. சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையவழி அறிவிக்க வேண்டும். எல்லைக் கடல் என்பதால் இதில் காவல்துறை கண்டிப்பாக இருக்கும்.

என்ன வாங்கலாம்? எதை வாங்கக் கூடாது?

வாங்க வேண்டியவை: தொதல், சாயல்குடிக் கருப்பட்டி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், பனையோலைப் பெட்டி, கருவாடு. ஓலைப் பெட்டியில் பேரம் பேசாதீர்கள். குருத்தோலை வெட்டி, காய வைத்து, சாயம் காய்ச்சி, கீறி, முடைவதற்குள் எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டுவிட்டு விலையைச் சொல்லுங்கள்.

பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதுவும் வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடல் அட்டைக்கு 2001 முதல் தடை. சிலவகைச் சங்கும் சிப்பியும்கூட தடைப்பட்டியலில் இருக்கின்றன, ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

எந்த மாதம் வரலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. அக்டோபர் பாதியில் இருந்து டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும். புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிற கரை இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் ஏலம் களைகட்டாது. ஆனால் வலை பொத்துவதும் படகு பழுது பார்ப்பதும் அப்போதுதான், பேசுவதற்கு ஆட்களுக்கு நேரமும் இருக்கும். சாயல்குடிப் பக்கம் பதநீரும் அப்போது கிடைக்கும். வெயிலைத் தாங்குவீர்கள் என்றால் அந்த மாதங்களைத்தான் சொல்வேன்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) முரட்டுத்தனமாக இருக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அமைதியாகக் கிடக்கும். எந்தப் பக்கம் போவது என்பதை உங்களுக்குச் சோறு போடப்போகிற வீட்டிலேயே கேளுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

ஒரே ஊருக்கு. கீழக்கரை என்றால் காலையில் பள்ளிவாசலும் தெருக்களும், மதியம் ஒரு வீட்டுச் சாப்பாடு, மாலையில் கடற்கரை. காரங்காடு என்றால் காலைப் படகு, மதியம் நண்டு, பிறகு வலை பின்னுகிற நிழலில் உட்கார்ந்து பேச்சு. மூன்று நாளாவது முன்னால் ஊர்க்குழுவிடமோ தெரிந்தவரிடமோ பேசி, எத்தனை பேர், என்ன சாப்பிடுவீர்கள், யாருக்காவது மீன் ஒத்துக்கொள்ளாதா என்று சொல்லிவிடுங்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருக்காதீர்கள். விடிகாலை ஏலத்தில் உங்களுக்காக மீன் எடுத்து வைத்திருப்பார்கள்.